முன்னால் வரும் சைபர்

பிப்ரவரி 2, திங்கள்

அக்கா எங்கே இருக்க விரும்புகிறாள்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மறுவாழ்வுப் பிரிவின் மருத்துவர் இன்று நேராகவே கேட்டார்: "நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, உங்க அண்ணன் கூட்டிட்டுப் போறாரா, அதெல்லாம் இருக்கட்டும். அவங்க என்ன நினைக்கிறாங்க?" நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தேன்.

மார்ச் ஆறாம் தேதி குடும்பத்தாரோடு கூட்டம். அன்று முடிவாகிவிடும். அண்ணன் தன் ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறான். நான் என் வீட்டுச் சின்ன அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். அவள் தனியாக வாழ்ந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

நவம்பரில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அக்காவின் வலது கை சோர்ந்துவிட்டது. நடை ஓரளவு திரும்பிவிட்டது. வார்த்தைகள் திரும்பவில்லை. மிஞ்சியது எண்கள் மட்டும். தண்ணீர் வேண்டுமா என்றால் ஓர் எண். தூக்கம் வருகிறதா என்றால் இன்னோர் எண். ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே தலையாட்டல்தான். படங்களைக் காட்டினால் ஆட்டம் பிடிக்காதவள் சீட்டைத் தள்ளுவதுபோல் தள்ளிவிடுகிறாள்.

பேச்சுப் பயிற்சியாளர் கெட்டிக்காரர். என்னைப் போலவே எதையும் எளிதில் நம்பாதவர். "உங்க அக்கா ஆலையோட டெலிபோன் எக்ஸ்சேஞ்சுலயே காலத்தை ஓட்டினவங்க மேடம். நாக்குல தங்கினது அதுதான். இது பேச்சு இல்ல, பழக்கம். இதுல அர்த்தம் தேடினா உங்களுக்குத்தான் மனசு கஷ்டம்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பிறகு எதற்கு வீட்டுக்கு வந்ததும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

பிப்ரவரி 4, புதன்

எங்கள் விதைப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் கணினி நிரல் எழுதக் கற்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. திங்களும் புதனும் மதியத்துக்கு மேல், கூட்ட அறையில். சொல்லிக்கொடுக்க வரும் பெண்ணுக்கு முதல் வாரமே 'அடைப்புக்குறி' என்று பெயர் விழுந்துவிட்டது. "அடைப்புக்குறியைத் திறந்தீங்கள்ல, மூடுங்க" என்று சொல்லிச் சொல்லியே மேசை மேசையாக வருவார்.

இன்று எழுத்துச் சரம். ஸ்ட்ரிங் என்பதற்குப் புத்தகத்தில் சரம் என்று போட்டிருக்கிறது. எடை அறைக்காரர் உடனே, "சரம்னா கழுத்துல போடுறதா, தலையில வைக்கிறதா?" என்றார். அவர் வகுப்புக்கு வருவதே இதற்குத்தான்.

விஷயம் இதுதான்: திரையில் தட்டச்சு செய்வது எதுவானாலும் கணினிக்கு முதலில் அது எழுத்து. 7 என்று தட்டினாலும் எண் ஏழு அல்ல, ஏழு போல் இருக்கும் ஓர் எழுத்து. அதனால் 7-ஐயும் 5-ஐயும் கூட்டச் சொன்னால் 75 என்கிறது. ஒட்டிவைத்துவிட்டு, கூட்டிவிட்டேன் என்கிறது. இன்ட் என்ற கட்டளையால் மாற்றிய பிறகுதான் 12 வருகிறது.

"ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் அடைப்புக்குறி. "எது எழுத்து, எது எண்ணுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அதுக்குத் தெரியாது."

பல்கலைக்கழகத்தில் புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். என் மேசையில் இதுவரை எழுத்தாக இருந்த எண் ஒன்றுமில்லை. வெட்டி வேலை என்று தோன்றியது.

பிப்ரவரி 5, வியாழன்

அக்கா இன்று முழு நாளும் ஜன்னல் பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தாள். "ஒன்பது" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

அண்ணன் வந்திருந்தான். வந்ததும் வராததுமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, ஜன்னல் திரையை விலக்கி, செவிலியிடம் மருந்துச் சீட்டைக் கேட்டு, என்னிடம் "நீ சரியா சாப்பிடுறியா இல்லையா" என்று விசாரித்து, ஐந்து நிமிடத்தில் அறையைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். அவனுடைய அன்பு அப்படித்தான், உத்தரவாகவே வரும்.

அக்கா அவனைப் பார்த்து, "சைபர்... சைபர்... ஒண்ணு" என்றாள். இந்த முன்தடுமாற்றம் அவளுக்கு அடிக்கடி வருகிறது. ஒரு சைபர், சில சமயம் இரண்டு சைபர், பிறகுதான் எண். பயிற்சியாளர் தன் குறிப்பில் 'தொடக்கத் தயக்கம்' என்று எழுதுகிறார். அதைக் கழித்துவிட்டு எண்ணை மட்டும் குறிக்கிறார்.

இல்லத்தின் புகைப்படங்களை அண்ணன் காட்டினான். தோட்டம் இருக்கிறது, செவிலியர் இருக்கிறார்கள், அவன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். "உன் வீட்டுல பகல்ல யார் இருக்கா? நீ விதை முளைக்குதான்னு பார்க்கப் போயிடுவ. இவ விழுந்தா யார் பார்க்கிறது?"

அவன் கேட்டது நியாயம். "அவளைக் கேட்டியா?" என்று மட்டும் சொன்னேன்.

"நீ கேட்டியா?"

இருவருமே கேட்கவில்லை. கேட்டாலும் எண்தான் வரும் என்று அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன்

வகுப்பில் ஆளுக்கொரு கோப்பு தயாரிக்கச் சொன்னார்கள். எல்லோரும் முளைப்புத்திறன் கணக்கை எடுத்தார்கள். நான் அக்காவின் எண்களை எடுத்தேன். செவிலியரின் தாளிலும் பயிற்சியாளரின் குறிப்பிலும் இருந்தவை, நான் கேட்டவை, அவற்றோடு அந்தந்த நேரத்தில் அறையில் என்ன நடந்தது என்ற ஒரு வரி. ஏன் எடுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எண்கள் கைவசம் இருந்தன என்று சொல்லியிருப்பேன்.

நிரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. எண்ணாக மாற்ற முடியாத மதிப்பு என்று சிவப்பில் வந்தது. பார்த்தால், ஒரு வரியில் கேட்டபடியே 'சைபர் 30' என்று தட்டியிருக்கிறேன். அந்தச் 'சைபர்' என்ற சொல்லை அழித்தேன். ஓடியது.

பிறகு கை பழக்கத்தில் சராசரி எடுத்தேன். 83 என்று வந்தது.

அக்காவின் பேச்சின் சராசரி எண்பத்து மூன்று. இதை எங்கே கொண்டுபோய் வைக்க?

எந்த எண் எப்போது வருகிறது என்றும் பார்த்தேன். தலையும் இல்லை, வாலும் இல்லை. 30 எல்லா இடத்திலும் வருகிறது. பயிற்சியின்போது வருகிறது, ஏனென்றால் முப்பதுவரை எண்ணச் சொல்கிறார்கள். தோளைத் திருப்பும்போதும் வருகிறது. 1-ம் அப்படியே. பயிற்சியாளர் சொன்னதுதான் சரி. பழக்கம்.

பிப்ரவரி 14, சனி

இன்று அக்காவோடு சண்டை போட்டேன். சண்டை என்றால் நான் மட்டும்தான் பேசினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் "ரெண்டு சைபர் நாலு" என்றாள். நான், "இருநூத்தி நாலு என்னக்கா, இருநூத்தி நாலு என்ன? சொல்லேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர் திரையை இழுத்துக்கொண்டார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாடத்தைத் தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல. பிறகு நிதானமாக, ஒவ்வொன்றாக, "ரெண்டு. சைபர். நாலு."

கோப்பில் 204 என்று சேர்த்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வகுப்பில் கூடத்தின் உண்மையான பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். விதைக் குவியல் எண், அதன் முளைப்புத்திறன். ஒவ்வொரு குவியலுக்கும் சராசரி காண வேண்டும். நான் வழக்கம்போல் வந்ததையெல்லாம் எண்ணாக மாற்றிவிட்டு ஓடவிட்டேன். எடை அறைக்காரர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, செத்ததுக்கும் உயிர் குடுத்துட்டீங்களே" என்றார்.

041 என்று ஒரு குவியல், 41 என்று வேறொரு குவியல். ஒன்று நன்றாக முளைத்த விதை. மற்றது செத்த விதை. எண்ணாக மாற்றியதும் முன்னால் இருந்த சைபர் போய்விட்டது, இரண்டும் ஒன்றாகிவிட்டன. என் திரையில் அரைகுறையாக முளைத்த ஒரு குவியல் நின்றது. அப்படி ஒரு விதை உலகத்தில் இல்லை.

அடைப்புக்குறி வந்தார். "குவியல் எண்ணை ஏன் மேடம் எண்ணா மாத்தினீங்க?"

"எண்தானே?"

"கூட்டிப் பார்த்தா அர்த்தம் வருமா? இந்தக் குவியலையும் அந்தக் குவியலையும் கூட்டி ஏதாவது சொல்ல முடியுமா? முடியலேன்னா அது எண் இல்ல மேடம், பேரு. பேர்ல ஒரு எழுத்தை எடுத்தா வேற ஆளாயிடும். ஃபோன் நம்பர் மாதிரி."

அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஃபோன் நம்பர் மாதிரி.

இருநூற்று நாலு என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. ரெண்டு சைபர் நாலு என்றுதான் சொன்னாள். இருநூற்று நாலாக மாற்றியது நான். காதில் விழுந்தது பெயர், கை எழுதியது எண். இயந்திரம் ஏற்க வேண்டும் என்பதற்காகச் சைபரையும் அழித்தேன். தயக்கம் என்று நாங்கள் கழித்துப் போட்டது முதல் எழுத்தாக இருக்குமோ?

இருக்குமோ என்றுதான் எழுதியிருக்கிறேன். இருக்கிறது என்று எழுதவில்லை.

பிப்ரவரி 18, புதன்

பயிற்சியாளரின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு வாங்கி முதலிலிருந்து கேட்டேன். கோப்பைத் திரும்பத் தட்டினேன். இந்த முறை மேற்கோள் குறிக்குள், எழுத்தாக, சைபர் உள்பட. எதையும் மாற்றவில்லை.

வரிசைப்படுத்தினேன். எழுத்தாக வரிசைப்படுத்தினால் 10 என்பது 9-க்கு முன்னால் போய் நிற்கும் என்று வகுப்பில் சிரித்திருந்தோம். அதே கோணல் வரிசையில் சைபரில் தொடங்குபவையெல்லாம் பட்டியலின் உச்சியில் ஒன்றாக வந்து நின்றன.

முப்பது என்பது பயிற்சியில் மட்டும். '030' தோளைத் திருப்பும்போது, ஊசி போடும்போது, ஒருமுறை அவள் கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டபோது. வேறு எங்குமில்லை.

'204' சாப்பாட்டு நேரத்தில், இல்லையென்றால் நான் டப்பாவோடு நுழையும்போது.

'001' அண்ணன் வரும்போது. அண்ணன் வரும்போது மட்டும்.

வேண்டும் வேண்டும் என்று தேடுகிறவருக்கு மேகத்தில்கூட முகம் தெரியும். ஆகவே இதை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் விடப்போவதும் இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

அக்கா வேலை பார்த்த ஆலையின் பொது எண்ணை இணையத்தில் எடுத்தேன். நான் ஒருமுறைகூட அந்த ஆலைக்குள் போனதில்லை. வீட்டில் அவள் வேலைக்கு 'ஃபோன் வேலை' என்று பெயர், அவ்வளவுதான். அழைப்பவரைக் கேட்டுப் பிரிவுக்கு இணைத்துவிட இப்போது அங்கே எக்ஸ்சேஞ்சில் ஆள் கிடையாது. பதிவுசெய்த குரல்தான் வரவேற்கிறது: நீங்கள் பேச விரும்பும் பிரிவின் எண்ணை அழுத்தவும்.

மதிய இடைவேளையில், முளைப்பு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு, சைபர், நாலு அழுத்தினேன்.

மணி அடித்தது. "கேன்டீன்" என்றது ஓர் ஆண் குரல்.

வைத்துவிட்டேன். தற்செயலாக இருக்கலாம். மறுபடி அழுத்தினேன். "கேன்டீன், சொல்லுங்க." வைத்தேன். எண்ணைச் சரியாகத்தான் அழுத்தினேனா என்று சந்தேகம். மூன்றாம் முறை: "யாருங்க அது? சாப்பாடு வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாங்க" என்றேன். இத்தனை வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

பிறகு மூன்று, சைபர். முப்பது. நீங்கள் அழுத்திய எண் தவறானது என்றது பதிவுக்குரல். இப்போது சைபர், மூன்று, சைபர். ஒரு பெண் எடுத்தார்: "மருத்துவ அறை."

தட்டுகளில் விதைகள் ஈரத்தாளின்மேல் வரிசையாகக் கிடந்தன.

கடைசியாகச் சைபர், சைபர், ஒன்று. "இயக்குநர் அலுவலகம், வணக்கம்" என்றார்கள். மூச்சுக் காட்டாமல் வைத்துவிட்டேன். அதன்பிறகுதான் சிரிப்பு வந்தது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் விதம், திரையை விலக்கும் விதம். அக்காவுக்குப் புத்தி ஓர் இம்மிகூடக் குறையவில்லை. வாய் மட்டும்தான் அடைத்திருக்கிறது, குறும்பு அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஒன்பதுதான் பிடி கொடுக்கவில்லை. கோப்பில் அடிக்கடி வருவது அதுதான். ஜன்னலைப் பார்த்துச் சொல்கிறாள். கதவைப் பார்த்தும் சொல்கிறாள். ஆலைக்கு அழைத்து ஒன்பதை அழுத்தினால், தவறான எண்.

இன்று "ஒன்பது யாரோட நம்பர்க்கா?" என்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கினாள். யாருடையதும் இல்லை என்கிறாளா? நான் கேட்டதே தப்பு என்கிறாளா?

பிப்ரவரி 25, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. பயிற்சியாளரிடம் கோப்பைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார்: "உங்களுக்குப் பதில் தெரியும் மேடம். தெரிஞ்சவங்க கேட்டா, அவங்க முகத்தைப் பார்த்தே பேஷன்ட் பிடிச்சிடுவாங்க. இதை வச்சு நான் என்ன எழுதுறது?"

"எனக்கும் உங்களுக்கும் தெரியாததைக் கேளுங்க" என்றேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று கேட்காமல், வெளியிலிருந்து அழைப்பவரைப்போலக் கேட்கச் சொல்லியிருந்தேன். கொஞ்சம் கூச்சத்தோடு காதில் கை வைத்துக்கொண்டு, "எக்ஸ்சேஞ்சா? எனக்கு மெயின் கேட் வேணுமே" என்றார்.

அக்காவின் முதுகு நிமிர்ந்தது. இத்தனை வாரங்களில் நான் பார்க்காத நிமிர்வு. முகத்தில் ஒரு வேலை வந்து உட்கார்ந்தது.

"மூணு ஒண்ணு அஞ்சு."

ஒரு நொடிகூடத் தயக்கமில்லை. இந்த எண் எங்கள் கோப்பிலேயே இல்லை. பயிற்சியாளர் தன் கைப்பேசியை எடுத்தார். ஆலையின் பொது எண்ணை நான் சொன்னேன். மூன்று, ஒன்று, ஐந்தை அவரே அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார்.

"மெயின் கேட்டு. யாரு வேணும்?" என்றது காவலாளியின் குரல்.

பயிற்சியாளர் பேசவே இல்லை. அக்கா அவரைப் பார்த்து, விரலால் அவசரமாக ஒரு சைகை காட்டினாள்: பேசுங்கள், ஆள் காத்திருக்கிறார்.

"தப்பா வந்துடுச்சுங்க, மன்னிக்கணும்" என்று பயிற்சியாளர் வைத்தார். பிறகு தன் குறிப்பேட்டைத் திறந்து பழைய பக்கங்களில் 'தொடக்கத் தயக்கம்' என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்தார். ஒவ்வொன்றாக, பக்கம் பக்கமாக. அடித்து முடிக்கும்வரை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஆறாம் தேதி நானே கேட்கிறேன்" என்றார்.

பிப்ரவரி 27, வெள்ளி

அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். "சாப்பாடு வேணும், வலிக்குதுன்னு சொல்றா, சரி. அதுக்கும் எங்க இருக்கணும்ங்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? அவ ஆலையில என் ஊருக்கு ஒரு நம்பர் இருந்துச்சா?" என்றான்.

இல்லைதான். ஃபோனை வைத்தேன். அவன் தோற்க வேண்டும் என்று எனக்கு இல்லை. அவள் பேச வேண்டும், அவ்வளவுதான்.

அவனை அவள் எந்த எண்ணால் அழைக்கிறாள் என்று சொல்லவில்லை. கூட்டம் முடியட்டும்.

மார்ச் 2, திங்கள்

அடைப்புக்குறி என் நிரலைப் பார்த்தார். எல்லாவற்றையும் எழுத்தாகவே வைத்திருக்கிறேனே, கணக்கு எப்படிப் போடுவேன் என்று கேட்டார். கணக்கு போடப் போவதில்லை என்றேன். எடை அறைக்காரர் பின்னாலிருந்து, "டாக்டரம்மா கணக்கை விட்டுட்டாங்களா? சம்பளம் நின்னுடப்போகுது" என்றார். இந்த முறை நானும் சிரித்தேன்.

மார்ச் 5, வியாழன்

நாளை.

என் கைப்பேசி எண்ணை அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எண்ணைப் பிடித்துக்கொள்வதில் அவளுக்கு யாரும் ஈடில்லை. இரண்டு தடவை சொன்னால் போதும். நாளை கேட்கும்போது அதைச் சொல்லிவிடுவாள். சின்ன அறையில் கட்டில் போட்டாகிவிட்டது. சுவரில் பிடிமானக் கம்பி பதித்தாகிவிட்டது.

இன்று மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நான் ஊட்டினால் அது என் பதில். அவள் வாயால் நான் பேசியதாகிவிடும்.

அவள் எண்ணையே சொல்லாவிட்டால்? "ஒன்பது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால்? அப்படியானால் அண்ணன் சொல்வதுதான் நடக்கும். நடக்கட்டும். ஆனால் அவளைக் கேட்ட பிறகு நடக்கட்டும்.

எங்கே இருக்க விரும்புகிறாள்? இன்னும் எனக்குத் தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

நடந்தது இது.

மருத்துவர், பயிற்சியாளர், அண்ணன், நான். அக்கா சக்கர நாற்காலி வேண்டாம் என்று கைத்தடியோடு நடந்தே வந்தாள். அண்ணன் இல்லத்தைப் பற்றிச் சொன்னான். நன்றாகவே சொன்னான், கரிசனமாகவே சொன்னான். நான் என் அறையைப் பற்றிச் சொன்னேன். பிறகு பயிற்சியாளர் எழுந்து அக்காவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எக்ஸ்சேஞ்சா? எனக்கு ஒரு லைன் வேணும். இனிமே நீங்க இருக்கப் போற இடத்துக்கு."

அக்கா நிமிர்ந்தாள்.

"ஒன்பது."

அப்படியே நிறுத்திவிட்டாள். அண்ணன் பெருமூச்சு விட்டு, "பார்த்தீங்களா" என்று தொடங்கினான். பயிற்சியாளர் கையை உயர்த்தினார். அக்கா முடித்திருக்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திருப்தியானவள்போல் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தாள்:

"சைபர் நாலு ரெண்டு. ஏழு ஏழு. ஒண்ணு மூணு."

எழுதிக்கொண்டேன். என் எண் அல்ல. அது மட்டும் உடனே தெரிந்தது. எனக்கு ஏமாற்றம்தான். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மருத்துவர்தான் முதலில் பேசினார். மேசைமேல் இருந்த தொலைபேசியைத் தட்டிக் காட்டினார். "எங்க இன்டர்காம்லயும் அப்படித்தான். வெளிய பேசணும்னா முதல்ல ஒன்பது அழுத்தணும். டோன் வந்தப்புறம்தான் நம்பர்."

ஜன்னலைப் பார்த்துச் சொன்ன ஒன்பதுகள். கதவைப் பார்த்துச் சொன்ன ஒன்பதுகள். இத்தனை வாரமும் அவள் வெளியே ஒரு லைன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், நாங்கள் கொடுக்கவில்லை.

"அந்த நம்பர்?" என்றார் பயிற்சியாளர்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் முகம் மாறியிருந்தது.

"அவ வீட்டு நம்பர்" என்றான். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் போடுற நம்பர்."

என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அதில் அது எண்ணாகவே இல்லை. 'அக்கா' என்று ஒரு பெயர், அவ்வளவுதான். பெயரைத் தொட்டுத் திறந்து பார்த்தால் உள்ளே சைபரில் தொடங்கி அதே ஏழு இலக்கங்கள். இத்தனை வருடத்தில் நான் அவற்றை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அண்ணனுக்கு மனப்பாடம்.

ஒருமுறை போதாது என்று நான்தான் சொன்னேன். இன்னொரு விதமாகவும் கேட்கச் சொன்னேன். பயிற்சியாளர் கேட்டார்: "எக்ஸ்சேஞ்சா? உங்க தம்பி வேணுமே."

"சைபர் சைபர் ஒண்ணு."

"உங்க தங்கச்சி?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். கண்ணில் அந்தப் பழைய குறும்பு.

"ரெண்டு சைபர் நாலு."

நான் கேன்டீன். பயிற்சியாளர் வாயைப் பொத்திக்கொண்டார். என்னவென்று புரியாமல் அண்ணன் எங்கள் முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தான். ஆலையில் 204 கேன்டீன், 001 இயக்குநர் என்று சொன்னேன். "சமையல்காரிய விட அது பரவாயில்ல" என்றான். அக்கா சத்தமாகச் சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு அந்தச் சத்தம் இன்றுதான்.

மருத்துவர் எழுதியது: சொந்த வீடு, முதலில் ஒரு மாதம், பகலில் உடன் ஓர் ஆள், பிறகு பரிசீலனை. அந்த ஆளை அண்ணன் ஏற்பாடு செய்கிறான்; யாரும் கேட்காமலேயே பொறுப்பை எடுத்துக்கொண்டான். மாலைச் சாப்பாடு நான். பிடிமானக் கம்பியைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே பதிக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து நானும் அண்ணனும் அவள் வீட்டுக்குப் போனோம். பூட்டு துருப்பிடித்து அடம் பிடித்தது. நான் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா பார்க்கலாம் என்று சொல்லி, அண்ணன் படியில் நின்றபடி கைப்பேசியை எடுத்து, திரையைப் பார்க்காமலே சைபரிலிருந்து தொடங்கி அழுத்தினான்.

பூட்டிய கதவுக்கு உள்ளே மணி அடித்தது.